கியூ முனை: ஒற்றைத் தோலா, அடுக்குத் தோலா?

கியூ என்னும் ஆட்டக்கோலில் பந்தைத் தொடுவது அதன் நுனியில் ஒட்டிய வட்டமான தோல்துண்டு மட்டுமே. டிப் என்று அழைக்கப்படும் இந்தத் துண்டு பூல் கியூவில் பெரும்பாலும் 12 முதல் 14 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஸ்நூக்கர் கியூவில் 9 முதல் 10 மில்லிமீட்டர். கடைகளில் இது இரண்டு வகையாகக் கிடைக்கிறது. தடித்த தோலிலிருந்து ஒரே துண்டாக வெட்டி எடுப்பது ஒற்றைத் தோல் டிப். மெல்லிய தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்தி, பிறகு வட்டமாக வெட்டுவது அடுக்கு டிப். இரண்டுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வேலை முடிந்து வாரத்தில் ஓரிரு நாள் பூல் ஆடுபவருக்கும், மாநிலப் போட்டிக்காகத் தினமும் பயிற்சி எடுப்பவருக்கும் ஒரே டிப் பொருந்தாது. எது யாருக்குப் பொருந்தும் என்று தீர்மானிக்க மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: பந்தோடு டிப் மோதும் கணத்தில் நடப்பது என்ன, தோலின் உள்ளமைப்பு எப்படிப்பட்டது, கடலோர ஊரின் ஈரம் தோலை என்ன பாடு படுத்துகிறது.

மோதும் கணம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கியூவின் நுனி வெறும் மரமாகவே இருந்தது. பந்தின் மையத்தைவிட்டுச் சற்று விலகி அடித்தாலே மரம் வழுக்கிவிடும். அதனால் பந்தை நேராகத் தள்ளுவதைத் தவிர ஆட்டக்காரரால் அதிகம் செய்ய முடியவில்லை. பிரெஞ்சுப் படை அதிகாரி ஃபிரான்சுவா மெங்கோ 1807 வாக்கில், பாரிஸில் சிறையிருந்த காலத்தில், கியூ நுனியில் தோலை ஒட்டிப் பார்த்தார் என்பது பில்லியர்ட்ஸ் வரலாறு கூறும் செய்தி. தோல் வந்த பிறகு பந்தின் மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எங்கும் அடிக்க முடிந்தது. பந்து சுழலத் தொடங்கியது. ஜபல்பூரில் 1875இல் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் ராணுவ அதிகாரி உருவாக்கி, 1882இல் உதகமண்டலம் கிளப்பில் விதிகளாக எழுதி வைத்த ஸ்நூக்கர் ஆட்டம் முழுவதும் இந்தச் சுழற்சியை நம்பியே நிற்கிறது.

டிப்பும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி, அதாவது விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பூல் பந்தின் விட்டம் சுமார் 57 மில்லிமீட்டர், எடை சுமார் 170 கிராம். நிதானமான ஓர் அடியில் அது விநாடிக்கு 3 மீட்டர் வேகம் பெறுவதாகக் கொண்டால், அந்த ஒரு மில்லிவிநாடிக்குள் டிப்பின்மேல் விழும் சராசரி விசை சுமார் 500 நியூட்டன். ஐம்பது கிலோ எடையை நிறுத்தினால் வரும் விசைக்கு இது சமம். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள தொடுபரப்பு இதைத் தாங்குகிறது. ஒரு மாலை ஆட்டத்தில் இத்தகைய அடிகள் நூற்றுக்கணக்கில் விழும். இவ்வளவு அடி வாங்கிய பிறகும் டிப் எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பதில்தான் ஒற்றைத் தோலுக்கும் அடுக்குத் தோலுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும்.

சுழற்சி எங்கிருந்து வருகிறது

அடுக்கு டிப் போட்டால் பந்து கூடுதலாகச் சுழலும் என்ற நம்பிக்கை ஆட்டக்காரர்களிடையே பரவலாக உண்டு. இயற்பியல் இதற்குத் துணை நிற்கவில்லை. டிப் வழுக்காத வரை, பந்தின் வேகத்துக்கும் சுழற்சிக்கும் உள்ள விகிதத்தை நிர்ணயிப்பது ஒரே ஓர் அளவுதான்: பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி அடி விழுகிறது என்பது. மையத்துக்கு மேலே ஆரத்தில் 0.4 பங்கு தூரத்தில் அடித்தால் பந்து சறுக்காமல் உருண்டபடியே புறப்படும். 0.5 பங்கில் அடித்தால் சுழற்சி அதைவிடக் கால் பங்கு கூடும். இந்தக் கணக்கில் டிப்பின் கடினம் வருவதில்லை. அது எத்தனை அடுக்கு என்பதும் வருவதில்லை.

மையத்தைவிட்டு எவ்வளவு தூரம் விலகலாம் என்பதை உராய்வு முடிவு செய்கிறது. சாக் தேய்த்த தோலுக்கும் பந்துக்கும் இடையிலான உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.6. இதற்குரிய எல்லைக் கோணம் சுமார் 31 பாகை. பந்தின் வளைவில் இந்தக் கோணம் ஆரத்தின் சரிபாதியில் வந்து நிற்கும். பூல் பந்தில் அது மையத்திலிருந்து சுமார் 14 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் டிப் வழுக்கும். ஆட்டக்காரர்கள் மிஸ்க்யூ என்று சொல்வது இதைத்தான்.

ஆக, சுழற்சியின் உச்ச வரம்பு சாக்கின் கையில் இருக்கிறது. கியூவுக்குத் தேய்க்கும் சாக் கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டியிலிருந்து வேறுபட்டது. சிலிக்காவும் குருந்தக்கல் எனப்படும் அலுமினியம் ஆக்சைடும் கலந்த இந்தப் பொருளுக்கு வில்லியம் ஸ்பிங்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் 1897இல் காப்புரிமை பெற்றனர். இதன் கூர்மையான துகள்கள் தோலின் இழைகளில் சிக்கிக்கொண்டு பந்தைப் பற்றுகின்றன. இதைக் கேரமோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்; கேரம் பலகை இல்லாத தெரு வடசென்னையில் அரிது. கேரமில் தூவும் பவுடர் ஸ்ட்ரைக்கரைத் தடையின்றி ஓடவிட உராய்வைக் குறைக்கிறது. கியூவின் சாக் உராய்வைக் கூட்டுகிறது. ஒரு டிப் சாக்கை எவ்வளவு நேரம் தன் பரப்பில் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதே சுழற்சி விஷயத்தில் அதன் உண்மையான பங்கு.

டிப்பின் கடினம் வேறு இரண்டு இடங்களில் தெரியும். ஒன்று வேகம். மோதலில் எவ்வளவு வேகம் திரும்பக் கிடைக்கிறது என்பதைக் காட்டும் மீள்தன்மைக் கெழு தோல் டிப்புக்குச் சுமார் 0.7 முதல் 0.75 வரை, பூல் ஆட்டத்தின் முதல் அடிக்கென்று தனி கியூவில் பொருத்தும் கெட்டியான ஃபீனாலிக் பிசின் டிப்புக்கு அது 0.8ஐத் தாண்டும். ஒரே கை வேகத்தில் அடித்தாலும் பிசின் டிப் பந்துக்குச் சுமார் 7 விழுக்காடு கூடுதல் வேகம் தரும். தோல் டிப்புகளுக்குள் இந்த வேறுபாடு இன்னும் சிறியது. மற்றொன்று தொடு உணர்வு. கடினமான டிப்பில் தொடுநேரம் குறைவு, ஓசை கூர்மை, கைக்கு வரும் அதிர்வு தெளிவு. மென்மையான டிப்பில் இவை எல்லாம் மழுங்கி வரும். இந்த உணர்வு உண்மையானது. அடியின் வலிமையைக் கணிக்க ஆட்டக்காரர் அதைத்தான் நம்புகிறார்.

தோலின் உள்ளே

விலங்கின் தோல் கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. மேற்பரப்புக்கு அருகில் இழைகள் மெல்லியவை, நெருக்கமானவை. ஆழத்தில் அவை தடித்த கற்றைகளாகி, எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. இடத்துக்கு இடமும் தோல் மாறும். முதுகெலும்பை ஒட்டிய பகுதியிலும் பின்புறத்திலும் பின்னல் இறுக்கமாகவும், வயிற்றுப் பகுதியில் தளர்வாகவும் இருக்கும். ஒரே மாட்டின் தோலில் கையகல தூரத்தில் இரண்டு தரம் கிடைப்பது இதனால்தான்.

இந்த அறிவில் சென்னைக்கு நீண்ட பழக்கம் உண்டு. ராயபுரத்திலிருந்து 1856இல் வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை, பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக நீண்டது. அந்த ஊர்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் சென்னைக்கு வந்து கப்பலேறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துப் பரப்பினார். குரோம்பேட்டை என்ற பெயர் அத்தொழிலில் இறங்கிய குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்தது. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் அமைந்தது. பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலும் மாதவரத்துத் தோல் ஆலைகளிலும் வேலை செய்தவர்களுக்குத் தோலை விரலால் மடித்துப் பார்த்தே எது முதுகு, எது வயிறு என்று சொல்லத் தெரியும்.

பதனிடும் முறை டிப்பின் குணத்தை மாற்றும். பட்டைச் சாற்றில் ஊறிய தோலில் டானின் இழைகளுக்கு இடையிலான வெற்றிடத்தை நிரப்பிவிடுவதால் அது கெட்டியாகவும் விறைப்பாகவும் இருக்கும். குரோம் உப்பு இழைகளைக் குறுக்காகப் பிணைக்கிறது, ஆனால் வெற்றிடத்தை அவ்வளவாக நிரப்புவதில்லை. அந்தத் தோல் மென்மையாகவும் எளிதில் வளைவதாகவும் இருக்கும், வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும்.

ஒற்றைத் தோல்

அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ட்வீட்டன் நிறுவனத்தின் எல்க் மாஸ்டர் என்ற நீல நிற டிப் இந்த வகைக்குப் பழகிய பெயர். பிரிட்டிஷ் ஸ்நூக்கர் ஆட்டக்காரர்கள் பல தலைமுறைகளாக அதைப் பயன்படுத்தினர். பெட்டி பெட்டியாக விற்கப்படும் மலிவான பொருள் அது.

இதன் குறையும் நிறையும் தோலின் இயற்கையிலிருந்தே பிறக்கின்றன. தோல் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரே பெட்டியில் உள்ள இரண்டு டிப்புகள் கடினத்தில் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் ஒரு பெட்டியை வாங்கி, ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்தியும் கெட்டியான தரையில் போட்டு ஓசை கேட்டும் பிரித்தெடுப்பார்கள். அடர்த்தியான துண்டு தெளிவான ஓசை தரும். தளர்ந்த துண்டின் ஓசை மந்தமாக இருக்கும்.

ஒற்றைத் தோல் டிப் புதிதாக இருக்கும்போது மென்மையானது. ஒவ்வோர் அடியும் இழைகளுக்கு இடையிலுள்ள காற்றிடத்தை நசுக்குவதால் அது நாளடைவில் இறுகிக் கடினமாகும். மேலிருந்து நசுங்கும் தோல் பக்கவாட்டில் பிதுங்கிக் கியூவின் விளிம்பைத் தாண்டி நிற்கும். மஷ்ரூம் ஆகிவிட்டது என்பார்கள். அதைச் சீவி, மீண்டும் வளைவு பிடிக்க வேண்டும். இந்த மாற்றத்தை முன்கூட்டியே முடித்துவிடச் சிலர் டிப்பைப் பாலில் ஊறவைத்து, இடுக்கியில் அழுத்திக் காயவைத்துப் பயன்படுத்துவதுண்டு. அதில் முக்கியமான வேலையைச் செய்வது அழுத்தம். ஈரமாக இருக்கும்போது அழுத்திய தோல் அந்த இறுக்கத்திலேயே உலர்ந்து நிற்கிறது.

நிறை என்னவென்றால், ஒற்றைத் தோலில் பிரிந்துபோவதற்குப் பசை இல்லை. அதன் இழைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே பின்னலாக ஓடுகின்றன. தவறாகச் சீவினாலும் சூடேறினாலும் அடுக்கு கழன்று வருமோ என்ற பயம் இல்லை. வீட்டிலேயே டிப் மாற்றக் கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய வசதி.

அடுக்குத் தோல்

ஜப்பானின் மூரி, காமுய் போன்ற பெயர்களோடு அடுக்கு டிப் பரவலானது. பெரும்பாலும் பன்றித்தோலை மெல்லிய தாள்களாகச் சீவி, பசையிட்டு, அழுத்தி, எட்டு முதல் பத்து அடுக்குகள் வரை சேர்க்கிறார்கள். பன்றித்தோலில் முடிக்கால்கள் தோலின் முழுத் தடிமனையும் துளைத்து நிற்பதால் அது பார்வைக்கே நுண்துளைகள் நிறைந்தது.

அடுக்கும்போது இரண்டு நன்மைகள் கிடைக்கின்றன. முதலாவது புள்ளியியல் சார்ந்தது. வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த ஒன்பது தாள்களைச் சேர்த்தால், ஒரு தாளின் தளர்வை இன்னொன்றின் இறுக்கம் ஈடுசெய்யும். தனித் தாள்களிடையே உள்ள ஏற்ற இறக்கம் சேர்ந்த டிப்புகளிடையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும், ஏனெனில் ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று. எல்லாத் தாள்களையும் தோலின் ஒரே மூலையிலிருந்து எடுத்தால் இந்த நன்மை கிட்டாது. தாள்களைக் கலந்து அடுக்கும் தயாரிப்பாளரின் கவனத்துக்குத்தான் வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கிறார். ஒற்றைத் தோல் தேயத்தேய மேல்தோலிலிருந்து ஆழத்துத் தடித்த இழைக்கு நகர்கிறது. அடுக்கு டிப்பில் ஒவ்வொரு தாளும் ஏறக்குறைய அதே வகைத் தோல் என்பதால், பாதி தேய்ந்த டிப்பும் புதிய டிப்பைப் போலவே நடந்துகொள்ள வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது நன்மை இயந்திரவியல் சார்ந்தது. மேம்பாலத் தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையில் வைக்கும் ரப்பர் தாங்கிகளுக்குள் மெல்லிய எஃகுத் தகடுகள் இருக்கும். பாரம் இறங்கும்போது ரப்பர் பக்கவாட்டில் பிதுங்காமல் அந்தத் தகடுகள் பிடித்துக்கொள்கின்றன. அடுக்கு டிப்பில் பசைப் படலங்கள் செய்வதும் இதே வேலைதான். தோலைவிட விறைப்பான அந்தப் படலங்கள் ஒவ்வொரு தாளும் விரிவதைக் கட்டுப்படுத்துகின்றன. படலம் மிக மெல்லியது என்பதால் பிதுங்கலை முழுவதும் நிறுத்தாது, குறைக்கும். அதனால் அடுக்கு டிப் வளைவை நெடுநாள் காக்கும். சீவ வேண்டிய தேவையும் குறையும்.

பலவீனமும் அதே பசையில்தான் இருக்கிறது. லேத்தில் வேகமாகச் சுழற்றிச் சீவும்போது சூடேறினால் பசை இளகி அடுக்கு கழலலாம். மழுங்கிய கத்தியால் பக்கவாட்டில் இழுத்தாலும் விளிம்பு பிரியும். கீழ் அடுக்குகள் மட்டும் மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்தபின் பிரிவது இன்னும் எளிது. மென்மை, நடுத்தரம், கடினம் என்று உறையில் அச்சிட்டிருக்கும் சொற்களுக்கு நிறுவனங்களிடையே பொதுவான அளவுகோல் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் மற்றொன்றின் கடினமாக இருக்கலாம்.

கடலோர ஈரம்

கொலாஜன் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறினால் இழைகள் எளிதில் நகரும், தோல் மென்மையாகும். ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடற்கரையில் மழைக்கால அதிகாலைகளில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். அதே நாளில் குளிரூட்டிய ஆட்ட அறை மிகவும் உலர்ந்திருக்கும். வீட்டில் மூலையில் சாய்த்து வைத்த கியூவை நேராக அந்த அறைக்குக் கொண்டுபோய் ஆடினால், முதல் ஆட்டத்தில் மென்மையாக இருக்கும் டிப் போகப்போக உலர்ந்து இறுகும். காற்றிடம் அதிகமுள்ள மென்மையான ஒற்றைத் தோலில் இந்த மாற்றம் கூடுதலாகத் தெரியும். ஏற்கெனவே அழுத்தி இறுக்கிய அடுக்கு டிப்பில் ஈரம் புகும் இடம் குறைவு, பசைப் படலங்களும் அதைத் தாமதப்படுத்தும். கியூவை மூடிய உறையில் வைப்பதும், ஆட்டத்துக்குச் சற்று முன்பே அறைக்குக் கொண்டுவருவதும் இரண்டு வகைக்கும் நல்லது.

ஈரமான டிப்பை அடித்தால் அது வேகமாகப் பிதுங்கும். எனவே விளிம்பை மெருகேற்ற எச்சிலோ தண்ணீரோ தொட்டுத் தேய்த்தபின், அது முழுவதும் காயும்வரை ஆடக் கூடாது.

ஒட்டும் வேலையிலும் கடற்காற்றுக்குப் பங்குண்டு. ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசைகள் பரப்பில் உள்ள ஈரத்தால்தான் இறுகுகின்றன. ஈரமான நாளில் அவை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், டிப்பை நடுவில் சரிசெய்ய நேரம் கிடைக்காது. நீர்த்த பசை தோலுக்குள் ஊறி அடிப்பகுதியைக் கல்லாக்கிவிடும் என்பதால் கெட்டியான ஜெல் வகையே ஏற்றது. ஸ்நூக்கர் கியூவின் பித்தளை வளையம் உப்புக் காற்றில் கறுக்கும். அந்தப் படலத்தின்மேல் ஒட்டிய டிப் நிலைக்காது. உப்புத்தாளால் பளபளப்பு தெரியும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். டிப்பின் அடிப்பரப்பையும் தட்டையாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள்வது அவசியம்.

தேர்வு

எந்த வகையை எடுத்தாலும் வளைவு முக்கியம். வளைவு தட்டையானால் மையத்தைவிட்டு அடிக்கும்போது டிப்பின் விளிம்பு பந்தில் பட்டு வழுக்கும். பூல் கியூவுக்கு அமெரிக்க ஆட்டக்காரர்கள் நிக்கல் எனப்படும் தங்கள் ஐந்து சென்ட் நாணயத்தின் வளைவை அளவாகக் கொள்வார்கள். அதன் விட்டம் சுமார் 21 மில்லிமீட்டர். இங்கே 2011 வரிசை ஒரு ரூபாய் நாணயம் சுமார் 22 மில்லிமீட்டர், 2019 வரிசை ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர். இரண்டில் எதை டிப்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாலும் சரியான வளைவு கிடைக்கும். தேய்ந்து வழவழப்பான பரப்பில் சாக் பிடிக்காது. அப்போது லேசாகச் சொரசொரப்பாக்க வேண்டும், சீவித்தள்ளத் தேவையில்லை.

எப்போதாவது ஆடுபவர், பார்லர் கியூக்களைப் பராமரிப்பவர், டிப் மாற்றப் பழகுபவர் ஆகியோருக்கு ஒற்றைத் தோல் போதுமானது. பல கைகள் எடுத்து, தரையில் இடித்து, சாக் தேய்க்காமல் அடிக்கும் பொதுக் கியூவில் விலையுயர்ந்த அடுக்கு டிப்பின் சீர்மை வீணாகும். ஒரு பெட்டியிலிருந்து நல்லவற்றைப் பிரித்தெடுக்கப் பொறுமை உள்ளவருக்கு ஒற்றைத் தோலிலேயே உயர்ந்த டிப் கிடைக்கும். மென்மையான தொடு உணர்வை விரும்பும் ஸ்நூக்கர் ஆட்டக்காரர் பலர் அதை விடாததற்கு இதுவே காரணம்.

தினமும் மணிக்கணக்கில் பயிற்சி எடுப்பவருக்கு அடுக்கு டிப் பொருந்தும். இன்று கற்ற அடியின் அளவு அடுத்த மாதமும் அப்படியே செல்லுபடியாக வேண்டுமானால், டிப் அதற்குள் மாறியிருக்கக் கூடாது. டிப் மாற்றிய பிறகும் புதியது பழையதைப் போல நடந்துகொள்ள வேண்டும். அடுக்கு டிப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த மாறாமைக்கான விலை. அதை ஒட்டித் தருபவர் லேத்தில் சூடேற்றாமல் வேலை செய்பவரா என்று பார்த்துக்கொள்வது வாங்குவதைப் போலவே முக்கியம்.

கூடுதல் சுழற்சிக்காக மட்டும் வகை மாற்ற நினைப்பவர் முதலில் சாக்கையும் வளைவையும் அடி விழும் இடத்தையும் சரிபார்க்க வேண்டும். அவை மூன்றும் சரியாக இருந்தால் இரண்டு வகை டிப்பும் பந்தை ஒரே அளவு சுழற்றும்.